ஃப்ளஷ் பெரிதா, ஸ்ட்ரெயிட் பெரிதா? எண்ணியே பார்த்துவிட்டோம்

ஒரு கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மண்டபத்து மாடியில் ஜமக்காளத்தை விரித்துப் பிள்ளைகள் மூணு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். ஒருவன் கையில் 7, 8, 9. இன்னொருவன் கையில் மூன்றும் ஹார்ட்டின். யார் ஜெயித்தது என்று சண்டை வந்துவிட்டது. "சீக்வென்ஸ்தான் பெரிசு" என்கிறான் ஒருவன். "போக்கர்ல ஃப்ளஷ்தான்டா பெரிசு" என்கிறான் மற்றவன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, மூணு சீட்டுல வரிசை பெரிசு, போக்கர்ல ஒரே இனம் பெரிசு. ஒரே கட்டுதானேப்பா, அது எப்படி மாறும்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. மூணு சீட்டில் சீக்வென்ஸ் என்கிற வரிசைக்குத்தான் போக்கரில் ஸ்ட்ரெயிட் என்று பெயர். எல்லாம் ஒரே இனமாக வந்தால் ஃப்ளஷ். அரிதாக விழும் கை பெரிய கை என்பதுதான் பொது விதி. அப்படியானால் எது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஊர் திரும்பியதும் மூன்று விதமாக எண்ணினோம்: முதலில் காகிதத்தில், அப்புறம் நிஜச் சீட்டைப் போட்டு, கடைசியாகக் கணினியில். வழியில் சில தவறுகள் வந்தன. அவற்றைக் கண்டுபிடித்த விதம் இந்தக் கணக்கைப் போட நினைக்கும் யாருக்கும் உதவும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

காகிதத்தில்

முதலில் போக்கரின் ஐந்து சீட்டுக் கையை எடுத்துக்கொண்டோம். ஜோக்கர் இல்லாமல் கட்டில் 52 சீட்டு. ஸ்பேட், ஹார்ட்டின், டைமன், கிளாவர் என்று நான்கு இனம். ஒவ்வொரு இனத்திலும் ஆஸ் முதல் ராஜா வரை 13 மதிப்பு. ஐந்து சீட்டை ஒவ்வொன்றாக எடுத்தால் 52 × 51 × 50 × 49 × 48 = 31,18,75,200 வழி. ஆனால் கைக்கு வந்த சீட்டை எந்த வரிசையில் வாங்கினோம் என்பது ஆட்டத்தில் பொருட்டில்லை. ஐந்து சீட்டை 120 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால் 120-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 25,98,960. கட்டிலிருந்து வரக்கூடிய வெவ்வேறு கைகள் இத்தனைதான். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. ஆகவே நிகழ்தகவு என்பது ஒவ்வொரு வகையிலும் எத்தனை கை இருக்கிறது என்று எண்ணுகிற வேலைதான்.

எளிதானவை சட்டென்று முடிந்தன. ஒரே மதிப்பில் நான்கும் வருவது, 13 மதிப்பில் ஒன்று, கூட ஒட்டிக்கொள்ள மீதி 48 சீட்டில் ஒன்று: 624. ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரு மதிப்பில் மூன்று, இன்னொன்றில் இரண்டு: மூன்றுக்கு 13 × 4, இரண்டுக்கு 12 × 6, பெருக்கினால் 3,744.

ஒரு ஜோடிக்கு வந்தபோதுதான் முதல் அடி சறுக்கியது. ஜோடியின் மதிப்புக்கு 13 வழி, நான்கு இனத்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழி. மீதி மூன்று சீட்டும் ஜோடியோடும் சேரக்கூடாது, தங்களுக்குள்ளும் சேரக்கூடாது. அதனால் 48 × 44 × 40 என்று எழுதினேன். மொத்தம் 65,89,440 வந்தது. கட்டில் இருக்கும் கைகளே 25,98,960 தான். மகள் உடனே பிடித்துவிட்டாள். மீதி மூன்று சீட்டை வரிசையோடு எண்ணிவிட்டேன். அந்த மூன்றை 6 விதமாக மாற்றி வைக்கலாம், கை மாறாது. 6-ஆல் வகுத்தால் 10,98,240. இதுதான் சரி.

அடுத்து இரண்டு ஜோடி. முதல் ஜோடிக்கு 13 × 6, இரண்டாவதுக்கு 12 × 6, ஐந்தாவது சீட்டுக்கு 44. பெருக்கினால் 2,47,104. இது மொத்தத்துக்குள் அடங்கியது, எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று ஒரே மதிப்பு 54,912. ஸ்ட்ரெயிட்டும் ஃப்ளஷ்ஷும் ஒன்றாக வரும் கைகள் 40, அதில் 10 முதல் ஆஸ் வரை உள்ள ராயல் ஃப்ளஷ் 4. அந்த 40-ஐக் கழித்துவிட்டால் ஃப்ளஷ் 5,108, ஸ்ட்ரெயிட் 10,200.

எதுவும் சேராத வெறும் கையை மட்டும் தனியாகப் போடச் சோம்பல்பட்டு, மொத்தத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழித்து 11,78,988 என்று எழுதிவிட்டேன். கூட்டிப் பார்த்தால் அச்சாக 25,98,960. கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடினோம். கழித்து எழுதிய வரி இருந்தால் கூட்டல் எப்போதுமே சரியாகத்தான் வரும் என்பது அப்போது உறைக்கவில்லை.

சீட்டைப் போட்டு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்தோம். ஒரு தடவை கலைத்தால் ஐந்தைந்தாகப் பத்துக் கை போடலாம், இரண்டு சீட்டு மிஞ்சும். ஐம்பது தடவை போட்டால் 500 கை. ஒரே கட்டிலிருந்து வரும் பத்துக் கைகளுக்குள் தொடர்பு உண்டுதான். நான்கு ஆஸும் ஒருவரிடம் போனால் மற்ற ஒன்பது பேருக்கும் ஆஸ் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கையையும் தனியாக எடுத்துக்கொண்டால் அதன் வாய்ப்பு மாறாது. அதனால் சராசரி எண்ணிக்கைக்குப் பாதகம் இல்லை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் குறித்துக்கொண்டே வந்தோம்.

முதல் பத்துச் சுற்றில், அதாவது 100 கையில், மூன்று ஸ்ட்ரெயிட், இரண்டு ஃப்ளஷ். காகிதக் கணக்குப்படி இரண்டும் சேர்ந்தே 100 கைக்கு ஒன்றுகூட எதிர்பார்க்க முடியாது. காரணம் கட்டிலேயே இருந்தது. முந்தின நாள் பிள்ளைகள் அதில் ரம்மி ஆடியிருக்கிறார்கள். சேர்த்து இறக்கிய வரிசைகளை அப்படியே வாரிக் கட்டில் வைத்துவிட்டார்கள். நாங்களோ வழக்கம்போலக் கட்டை உள்ளங்கையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவி மேலே போட்டுக் கலைத்தோம். இப்படி உருவிக் கலைப்பதில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் எளிதில் பிரிவதில்லை. போதாக்குறைக்கு, மேலிருந்து ஐந்தைந்தாகக் கொத்தாக எடுத்துப் போட்டோம். ரம்மி வரிசைகள் அப்படியே வந்து விழுந்தன.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முறையை மாற்றினோம். கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் ஓரத்தையும் கட்டை விரலால் விட்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்து விழும்படி கலைப்பார்களே, அது. இந்த முறையில் 52 சீட்டு நன்றாகக் கலங்க ஏழு தடவை போதும் என்று டேவ் பேயர், பெர்சி டையகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். டையகோனிஸ் இளம் வயதில் தொழில்முறை மேஜிக் கலைஞராக இருந்தவர். நாங்களும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு தடவை எண்ணிக் கலைத்தோம். சீட்டையும் கொத்தாகப் போடாமல், நிஜ ஆட்டம்போல ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் போட்டோம். இரண்டு ஞாயிறு பிடித்தது. புதிய கட்டின் ஓரமெல்லாம் வளைந்துவிட்டது.

500 கை முடிந்தபோது நோட்டில் இருந்தது இது. வெறும் கை 243, ஒரு ஜோடி 219, இரண்டு ஜோடி 22, மூன்று ஒரே மதிப்பு 12, ஸ்ட்ரெயிட் 3, ஃப்ளஷ் 1.

ஒரு ஜோடிக்குக் கணக்கு சொன்னது 211, வந்தது 219. சரி. மூன்று ஒரே மதிப்புக்கு 10 அல்லது 11, வந்தது 12. அதுவும் சரி. ஆனால் இரண்டு ஜோடிக்கு 47 அல்லது 48 வந்திருக்க வேண்டும். வந்தது 22. "இன்னும் சரியா கலையலையோப்பா?" என்றாள் மகள். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஏற்கெனவே ஒரு தடவை கலைப்பில் ஏமாந்தவர்கள் அல்லவா? ஆனால் கலைப்பு சரியில்லை என்றால் எல்லா வரியும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் காணும். இங்கே மற்றவை ஒழுங்காக நிற்க, ஒரே ஒரு வரி மட்டும் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. தற்செயலாக இவ்வளவு தூரம் விலகுவதும் மிக அரிது.

தரையில் ஒரு இரண்டு ஜோடிக் கையை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ராஜா, ராஜா, 9, 9, ஒரு 4. "இதுல ராஜா ஜோடி, ஒம்போது ஜோடி இருக்கு. இதுல என்னப்பா தப்பு?" என்றாள் மகள். எதிர்ப்பக்கம் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "ஒம்போது ரெண்டு, ராஜா ரெண்டு" என்றார். அவர் பக்கமிருந்து பார்த்தால் 9-தான் முதலில் வருகிறது.

அவ்வளவுதான், புரிந்துவிட்டது. முதல் ஜோடி ராஜா, இரண்டாவது 9 என்று ஒரு தடவை எண்ணியிருக்கிறேன். முதல் ஜோடி 9, இரண்டாவது ராஜா என்று அதே கையை மறுபடி எண்ணியிருக்கிறேன். 2,47,104-இல் பாதி 1,23,552. இதுதான் உண்மையான எண்ணிக்கை. 500 கைக்கு 23 அல்லது 24. எங்கள் 22 அதற்கு வெகு அருகில் நிற்கிறது.

ஃபுல் ஹவுஸுக்கும் இதேபோலத்தானே பெருக்கினோம், அதையும் பாதியாக்க வேண்டாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம். மூன்று ராஜா இரண்டு 9 என்பது வேறு கை, மூன்று 9 இரண்டு ராஜா என்பது வேறு கை. அங்கே இரண்டு இடத்துக்கும் வேலை வேறு. இரண்டு ஜோடியில் இரண்டு இடத்துக்கும் ஒரே வேலை, அதனால் முதல், இரண்டாவது என்ற பேச்சே கூடாது. சூத்திரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சீட்டைத் தரையில் விரித்து, ஒரே கையை இரண்டு விதமாகப் பெயர் சொல்ல முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு வரியையும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் சரிபார்த்தோம்.

வெறும் கை என்ற பெரிய கட்டம்

கழித்து எழுதிய வரியை அழித்துவிட்டு, வெறும் கையை நேராக எண்ண உட்கார்ந்தோம். இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எந்த மதிப்பும் திரும்ப வராத கைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 13 மதிப்பில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 1,287 வழி. தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மதிப்புக்கும் நான்கு இனத்தில் ஒன்று, ஆகவே 4 × 4 × 4 × 4 × 4 = 1,024 வழி. ஒரு பெரிய கட்டம் வரைந்து, மேலிருந்து கீழே 1,287 வரிசை, இடமிருந்து வலமாக 1,024 பத்தி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் ஒரு கை.

1,287 வரிசையில் அடுத்தடுத்த மதிப்பாக அமைவது 10 மட்டும். ஆஸ்-2-3-4-5-இல் தொடங்கி 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஆஸ் வரை. 1,024 பத்தியில் ஐந்தும் ஒரே இனமாக அமைவது 4 மட்டும். ஆக, 10 × 4 = 40 ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். 10 × 1,020 = 10,200 வெறும் ஸ்ட்ரெயிட். 1,277 × 4 = 5,108 வெறும் ஃப்ளஷ். எஞ்சிய 1,277 × 1,020 = 13,02,540 எதுவும் சேராத கை. ஒரே கட்டத்தை ஒரு குறுக்குக்கோடும் ஒரு நெடுக்குக்கோடும் போட்டு நான்காக வெட்டினால் நான்கு வகையும் கிடைத்துவிடுகின்றன. எதுவும் இரண்டு தடவை எண்ணப்படவில்லை, எதுவும் விடுபடவும் இல்லை.

இப்போது எல்லாவற்றையும் கூட்டினோம். 40, 624, 3,744, 5,108, 10,200, 54,912, 1,23,552, 10,98,240, 13,02,540. மொத்தம் 25,98,960. இந்த முறை எந்த வரியும் கழித்து எழுதியது இல்லை. பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு 50.12 வெறும் கை. 42.26 ஒரு ஜோடி. மீதி எல்லாப் பெரிய கைகளும் சேர்ந்து நூற்றுக்கு எட்டுகூட இல்லை. ஃபுல் ஹவுஸ் சுமார் 694 கைக்கு ஒன்று, நான்கு ஒரே மதிப்பு 4,165 கைக்கு ஒன்று, ராயல் ஃப்ளஷ் 6,49,740 கைக்கு ஒன்று.

கணினியில்

மகளுக்குப் பள்ளியில் பைத்தான் பாடம் உண்டு. அதிலேயே 52 சீட்டிலிருந்து ஐந்தைந்தாக எல்லாச் சேர்வையும் ஒன்றுவிடாமல் எடுத்துத் தரும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு கையிலும் எந்த மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்று பார்த்து வகை பிரிக்கும்படி அவளே எழுதினாள். 26 லட்சம் கை என்றால் பயமாக இருக்கிறது, ஆனால் சாதாரண மடிக்கணினிக்கே அது சின்ன வேலை. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஜோடிகள் எல்லாம் காகிதத்தோடு ஒத்துப்போயின. ஸ்ட்ரெயிட் மட்டும் 10,200-க்குப் பதில் 9,180. ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் 40-க்குப் பதில் 36. ஃப்ளஷ்ஷில் 4 கூடுதல், வெறும் கையில் 1,020 கூடுதல்.

கட்டத்தைப் போட்டுப் பார்த்திருந்ததால் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 1,020-ம் 4-ம் சேர்ந்தால் 1,024. கட்டத்தில் சரியாக ஒரு வரிசை இடம் மாறியிருக்கிறது. பத்து வரிசையில் ஒன்றைக் கணினி அடுத்தடுத்த மதிப்பாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆஸுக்கு அவள் 14 என்று எண் கொடுத்திருந்தாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 4 வர வேண்டும் என்பது அவள் வைத்த சோதனை. ஆஸ்-2-3-4-5 கையில் 14-இலிருந்து 2 போனால் 12. அதனால் அந்தக் கை தேறவில்லை. அந்த ஒரு வரிசையைத் தனியாகச் சேர்த்ததும் ஒன்பது எண்ணும் அப்படியே பொருந்தின. "எவ்வளவு குறையுதுன்னு பார்த்தா எது குறையுதுன்னு தெரியுதேப்பா" என்றாள்.

கல்யாண வீட்டுச் சண்டை

இனி மூணு சீட்டு. 52-இலிருந்து மூன்று எடுக்க 22,100 வழிதான். அதே கட்டத்தைச் சின்னதாக வரையலாம். மூன்று வெவ்வேறு மதிப்புக்கு 286 வரிசை, அதில் அடுத்தடுத்து அமைவது 12. இனத்துக்கு 64 பத்தி, அதில் ஒரே இனம் 4. சீக்வென்ஸ் 12 × 60 = 720. ஒரே இனம் 274 × 4 = 1,096. மூன்று சீட்டில் சீக்வென்ஸ்தான் அரிது, அதனால் அது பெரிது. ஐந்து சீட்டில் ஃப்ளஷ் 5,108, ஸ்ட்ரெயிட் 10,200. அங்கே ஃப்ளஷ் அரிது, அதனால் அது பெரிது. இருவர் சொன்னதும் சரி.

ஏன் மாறுகிறது என்பதையும் கட்டமே சொல்லிவிடுகிறது. ஒரு சீட்டு கூடும்போதெல்லாம் ஒரே இனமாக அமைவது நான்கு மடங்கு கடினமாகிறது: மூன்று சீட்டில் 16-க்கு ஒன்று, நான்கில் 64-க்கு ஒன்று, ஐந்தில் 256-க்கு ஒன்று. மதிப்பு அடுத்தடுத்து அமைவது அந்த வேகத்தில் கடினமாவதில்லை: சுமாராக 24-க்கு ஒன்று, 65-க்கு ஒன்று, 129-க்கு ஒன்று. ஆகவே பின்னால் வரும் ஃப்ளஷ் நடுவில் எங்கோ முந்திவிடுகிறது. நான்கு சீட்டில் கிட்டே வந்துவிடுகிறது, ஐந்தில் முந்திவிடுகிறது. நான்கு சீட்டை எண்ணிப் பார்த்தோம். அங்கே வரிசை 2,772, ஒரே இனம் 2,816. கிட்டத்தட்ட சமம். நான்கு சீட்டில் ஆடியிருந்தால் சண்டை ஓய்ந்தே இருக்காது.

ஒரு விஷயம் மட்டும் கணக்கோடு ஒட்டவில்லை. மூணு சீட்டில் மூன்றும் ஒரே மதிப்பாக வருவதற்குத்தான் முதல் இடம். அதற்கு 52 வழி. ஒரே இனத்தில் வரிசையாக வருவதற்கு 48 வழிதான், அதுதான் அரிது. சூதாட்ட விடுதிகளில் ஆடும் த்ரீ கார்டு போக்கரில் இதைச் சரியாக மேலே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்டத்தில் மாற்றவில்லை. மூன்று ஆஸ் வைத்திருப்பவனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

கடைசியாக ஒன்று. மூணு சீட்டில் ஒரு ஜோடி எத்தனை என்று போட்டோம். 13 × 6 × 48 = 3,744. எழுதியதும் மகள் நோட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினாள். ஐந்து சீட்டு ஃபுல் ஹவுஸும் 3,744. தற்செயலாக இருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. அரை மணி நேரம் கழித்துச் சீட்டோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு 9, மூன்று ராஜா என்று ஒரு ஃபுல் ஹவுஸை விரித்தாள். "நாலு ராஜால எது இதுல இல்லப்பா?" கிளாவர் ராஜா இல்லை. அவள் அந்த மூன்று ராஜாவையும் எடுத்துவிட்டு, அங்கே கிளாவர் ராஜாவை வைத்தாள். இரண்டு 9, ஒரு ராஜா. மூணு சீட்டில் ஒரு ஜோடி. திரும்ப அந்தக் கிளாவர் ராஜாவை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் வைத்தாள். ஃபுல் ஹவுஸ். அப்படியே அடுத்த கை, அதற்கடுத்த கை என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கைக்கும் ஜோடி தப்பவில்லை.